முந்நூற்றுப் பன்னிரண்டு பாட்டில்கள்

செப்டம்பரில் கடைகளில் இரண்டு விலை எழுதத் தொடங்கினார்கள்,
மேலே குனா, கீழே யூரோ.
அன்றைக்கே யாசென்கா பென்சிலைச் சீவினாள்.
எங்கள் வீட்டில் பென்சில்
விரலுக்குச் சிக்காத அளவு தேய்ந்த பிறகும்
பழைய பேனா மூடியொன்றில் செருகப்பட்டு
இன்னொரு வருடம் உழைக்கும்.

மின்சாரம் மலிவாகும் இரவு ஒன்பதுக்குப் பிறகே
சலவை இயந்திரம் வாய் திறக்கும்.
ரொட்டி வெந்ததும் அடுப்பின் கதவைத் திறந்துவைப்பாள்,
அந்தச் சூட்டில் என் காலுறைகள் காயும்.
பற்பசைக் குழாயைக் கத்தரியால் பிளந்து
இதற்குள் இன்னும் மூன்று நாள் இருக்கிறது என்பாள்.
பொய்யில்லை.
எண்ணிப் பார்த்தேன், நான்கு நாள் இருந்தது.

அக்டோபர் முதல் நிலவறையில் காலி பாட்டில்கள் சேர்ந்தன.
சைக்கிளை எடுக்கப் போனால் கணுக்காலில் இடித்தன.
"கடையில் திருப்பிக் கொடுத்தால் காசு வருமே."
"பொறு, தீஹோமிர்."
பேருந்துச் சீட்டின் பின்புறத்தைக் காட்டினாள்:
இன்று கொடுத்தால் பாட்டிலுக்கு ஐம்பது லிபா.
ஜனவரியில் ஏழு சென்ட்.
ஏழு புள்ளி ஐந்து மூன்று நான்கு ஐந்தால் பெருக்கு,
ஐம்பத்திரண்டு லிபாவும் கொஞ்சமும்.
அந்தக் கொஞ்சத்தின் கீழே
இரண்டு கோடு இழுத்திருந்தாள்.

குனா என்றால் எங்கள் மொழியில் மரநாய்.
லிபா என்றால் லிண்டன் மரம்.
இத்தனை வருடம்
ஒரு விலங்கை மடித்துச் சட்டைப் பையில் வைத்தோம்,
ஒரு மரத்தைச் சில்லறையாக மாற்றினோம்.
வருடத்தின் கடைசி இரவில்
திராவா நதிமேல் வாணங்கள் வெடித்தபோது
மரநாய் மரத்தை விட்டு இறங்கிப் போனது.
இன்னும் பதினான்கு நாள் செல்லும் என்றது வானொலி.
யாசென்கா ஐந்து லிபா நாணயம் ஒன்றை
சமையலறை மேசையின் குட்டைக் காலுக்கு அடியில் தள்ளினாள்.
ஒன்பது வருடமாக ஆடிய மேசை
நின்றுவிட்டது.

பன்னிரண்டே காலுக்கு மாடிப்படி ஏறினாள்,
கையில் ஒரு தட்டு சர்மா,
அக்குளில் மடித்த சாக்கு.
த்ராஷென் வீட்டு விருந்தில் எல்லோரும் சிரித்தார்கள்:
புத்தாண்டு வாழ்த்துச் சொல்லச்
சாக்கோடு வந்தவள் நீ ஒருத்திதான்!
அவளும் சிரித்தாள்.
சிரித்துக்கொண்டே குனிந்து
மேசைக்கடியில் உருண்டதையும் எடுத்தாள்.
முந்நூற்றுப் பன்னிரண்டு.

ஆளுக்கு நாளுக்கு எண்பதுதான் என்றது கடை.
எனவே இரண்டு பேர், இரண்டு நாள்.
பனி பெய்யவில்லை,
ஒஸியேக் முழுக்க மூடுமாக இருந்தது.
குழந்தை வண்டியில் பாட்டில்களைத் தள்ளிப் போனேன்.
லோவ்ரோவுக்கு இப்போது பத்தொன்பது வயது,
வண்டி இன்னும் இருக்கிறது.
இயந்திரம் ஒவ்வொன்றாக விழுங்கி யோசித்தது,
சப்பியிருந்ததைத் துப்பியது,
அவள் அதை ஊதி நிமிர்த்தி
மறுபடி ஊட்டினாள்.

மொத்தம் இருபத்தொரு யூரோ எண்பத்து நான்கு சென்ட்.
பழைய கணக்கில் இருபது எழுபதுதான் வந்திருக்கும்.
லாபம், ஒன்று பதினான்கு.
மூன்று மாதம், நிலவறை, என் கணுக்கால்.
நான் எதுவும் சொல்லவில்லை.
சொல்லாததை அவள் கேட்டுவிட்டாள்.
"வா, காபி வாங்கித் தருகிறேன்."

பத்துக் குனாவாக இருந்த காபி
ஒன்று ஐம்பது ஆகியிருந்தது.
அவள் பலகையின் முன்னால் நின்றாள்.
உதடுகள் மட்டும் அசைந்தன.
ஏழு புள்ளி ஐந்து மூன்று...
பதினொரு குனா முப்பது.
யாரோ எங்கோ
அவளைவிட நன்றாகக் கணக்குப் போட்டிருந்தார்கள்.

குறைந்த முப்பத்தாறு சென்டை நான் போட்டேன்.
ரசீதின் பின்புறம் பென்சில் ஓடியது:
தீஹோமிருக்குத் தரவேண்டியது, 0.36.
ஒரு கோப்பை, இரண்டு கரண்டி.
நுரையை எனக்கு விட்டுவிட்டாள்.
சர்க்கரைப் பொட்டலங்கள் இரண்டும்
அவள் கோட்டுப் பைக்குள் போவதைப்
பரிமாறிய பெண் பார்த்தாள்,
பார்க்காததுபோல மூன்றாவதையும் வைத்தாள்.

டிராமில் போகலாமா என்றேன்.
நடந்தோம்.